கம்பி வலை போட்ட வீடு

அண்ணன் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்கப் போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேலே குடி வைக்கலாம், சும்மா உட்கார்ந்திருப்பதற்குத் தனக்கும் ஒரு வேலையாக இருக்கும் என்றார். படிக்கட்டு எந்தப் பக்கம் வரும் என்று அண்ணி கேட்டார். நான், "மேல கட்ட வேணாம்" என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை காலத்தில் குழம்பில் உப்பு குறைவு என்றுகூட நான் சொன்னதில்லை. அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். சோற்றைக் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, "பாப்பா வரட்டும், அவளையே கேப்போம்" என்றார். பாப்பா என்று அவர் சொன்னது தன் மகளை. அவள் கட்டடப் பொறியியல் படித்துவிட்டு, பழைய கட்டடங்களைப் பலப்படுத்திக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சென்னையில் வேலை பார்க்கிறாள்.

எனக்கும் ஒரு மகள் இருந்தாள். அண்ணன் மகளும் அவளும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

என் கணவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் சூளை பார்த்துக்கொண்டிருந்தவர். குஜராத்தில் டைல்ஸ் கம்பெனிகள் நிறைந்த ஓர் ஊருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனார். பிறகு நானும் குழந்தையும் போய்ச் சேர்ந்தோம். ஒரு கட்டடத்தில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். தரைத்தளம் முழுக்கக் கடைகள். ஷட்டர்களைத் தூக்கிவிட்டால் முன்பக்கத்திலிருந்து பின் தெருவரை பார்க்கலாம். நடுவில் தூண்களைத் தவிர ஒன்றும் கிடையாது. நல்ல காற்றோட்டமான கட்டடம் என்று அவர் சொல்வார்.

அது குளிர்காலம். நைட் ஷிப்ட் முடிந்து வந்து அவர் படுத்திருந்தார். குழந்தை எழுந்து அவர் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் பால் வாங்கக் கீழே இறங்கினேன். பாலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது கால் வழுக்கியது போல் இருந்தது. தலை சுற்றுகிறது என்றுதான் நினைத்தேன். லாரி வருவது போல ஒரு சத்தம், ஆனால் தெருவில் லாரி இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது கடைகள் இருந்த இடத்தில் முதல் மாடி இருந்தது. பிறகு தூசி. தூசி அடங்கியபோது மாடிகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. எதிர்வரிசையில் ஓடு போட்ட ஒரு பழைய வீடு அப்படியே நின்றது. பால் பாக்கெட்டைக் கீழே வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாலை வரை அது என் கையில்தான் இருந்தது என்று பக்கத்துத் தெருக்காரர்கள் பின்னால் சொன்னார்கள்.

அண்ணன் ரயில் பிடித்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். நான் பார்த்தேன். அழவில்லை. அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, அவர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலம் வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆண்டவருடைய சித்தம் என்றார்கள். இந்துக்கள் விதி என்றார்கள். பூமி பிளந்தால் யார் என்ன செய்ய முடியும் என்று சில பேர் சொன்னார்கள். பூமி பிளக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெரு ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கிறது. கூட்ஸ் வண்டி போகும்போது அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணு என்று ஆடும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். திரும்பி வந்த முதல் வாரம் அது கேட்டதும் நான் தெருவில் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. அதற்குப் பிறகு அந்தக் கூரைக்குக் கீழே படுக்க என்னால் முடியவில்லை. அண்ணன் பின்பக்கம் தகரம் போட்டு ஒரு கொட்டகை கட்டிக் கொடுத்தார். தகரம் விழுந்தால் மனிதர்கள் சாவதில்லை. பகலில் வீட்டுக்குள் சமைப்பேன், சாப்பிடுவேன், வாசல் கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். படுப்பது கொட்டகையில். ஒரு பீங்கான் யூனிட்டில் வேலைக்கும் சேர்ந்தேன். ஃபியூஸ் கட்டைகளை அச்சிலிருந்து எடுத்த பிறகு ஓரத்துப் பிசிறைச் சீவி, ஈரத் துணியால் துடைத்து வைக்கிற வேலை. பேசத் தேவையில்லாத வேலை. வருடங்கள் அப்படிப் போயின.

அண்ணன் மகள் லீவில் வந்தாள். வந்த அன்றே வீட்டைச் சுற்றி வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தாள். ஓர் இடத்தில் பூச்சைப் பெயர்த்து, செங்கலுக்கு நடுவில் இருந்த கலவையை வண்டிச் சாவியால் சுரண்டினாள். சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. முன் அறை எங்கள் அப்பா பிற்பாடு சேர்த்துக் கட்டியது. அதன் சுவர் பழைய சுவரை ஒட்டி நிற்கிறதே தவிர அதனோடு கோத்துக் கட்டப்படவில்லை. அந்த இடுக்கில் ஒரு சமையல் கத்தியை விட்டுக் காட்டினாள். பாதி கத்தி உள்ளே போயிற்று. அண்ணன் அதை வெளியே இழுத்து, மறுபடி விட்டுப் பார்த்தார்.

"இங்க என்ன பூகம்பமா வருது?" என்று கேட்டார்.

"பெருசா வராதுப்பா. நம்ம பக்கம் ஆபத்து கம்மிதான். ஆனா கம்மின்னா இல்லவே இல்லைன்னு ஆவாது. இந்த வூட்டுல நாலு சுவரும் கை கோக்காம தனித்தனியா நிக்குது. ஆட்டுனா ஆளுக்கு ஒரு பக்கம் சாயும். இதும் மேல இன்னொரு வூட்டத் தூக்கி வெப்பீங்களா?"

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்று அண்ணி கேட்டார். இடிக்க வேண்டாம், இருக்கிற சுவர்களையே கோத்துவிடலாம் என்றாள். கதவுகளுக்கு மேலே வீட்டைச் சுற்றி உள்ளும் புறமும் பெல்ட் மாதிரி கம்பி வலை அடிக்க வேண்டும். மூலைகளில் கீழிருந்து மேல்வரை அதே வலை. சுவரைத் துளைத்துக் கம்பி விட்டு இந்தப் பக்கத்து வலையையும் அந்தப் பக்கத்து வலையையும் கட்ட வேண்டும். அதன் மேல் கெட்டியான சிமெண்டுப் பூச்சு. மேலே பாரம் குறைய, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை இறக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியையும் மேலிருந்து எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் செய்தாலும் மாடி கட்ட முடியாது.

மாடி கட்ட முடியாத வீட்டுக்கு இவ்வளவு வேலையா என்று அண்ணி முணுமுணுத்தார். இரண்டு மூன்று நாள் அந்தப் பேச்சே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் அண்ணன் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார். பொதுவாக அங்கே வரமாட்டார்.

"செஞ்சா உள்ள வந்து படுப்பியாம்மா?"

"தெரியலண்ணே."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கொத்தனாரைக் கூட்டி வந்தார்.

கொத்தனார் நல்லாயிருக்கிற பூச்சை ஏன் கொத்தச் சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் சொன்னபடி செய்தார். வீட்டுக்குள் இருக்க முடியாத அளவுக்குத் தூசி. கட்டில், பீரோ, மாதாப் படம் எல்லாவற்றையும் கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். படுக்கவும் எல்லோரும் கொட்டகைக்கே வந்தார்கள். அண்ணன் வாசலை ஒட்டி, அடுத்து அண்ணி, அண்ணன் மகள், கடைசியில் நான்.

முதல் நாள் சாயங்காலம் அண்ணி உள்ளே வந்து பாயை விரித்து உட்கார்ந்தார். சித்திரை மாதம். வெயில் போன பிறகும் தகரம் சூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. அண்ணி முந்தானையால் விசிறிக்கொண்டே மேலே பார்த்தார். தகரத்தில் ஆணி அடித்த ஓட்டைகளை, மழைக்கு நான் வைக்கும் பக்கெட்டை, கொடியில் தொங்கிய என் இரண்டு புடவைகளைப் பார்த்தார்.

"இத்தினி வருஷமா இதுலயா படுத்த?" என்றார்.

அண்ணி கெட்டவர் இல்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் கஞ்சியோடு வந்து வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார். உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். பழகிப்போச்சு என்று சொன்னேன். அவர் எழுந்து போய், தார்ப்பாய்க்குக் கீழே இருந்த டேபிள் ஃபேனை எடுத்து வந்து, வயரை நீட்டி இழுத்து, என் தலைமாட்டில் வைத்தார். அதன் பிறகு அது அங்கிருந்து போகவில்லை.

பூச்சு போன வீடு வேறு மாதிரி இருந்தது. சின்ன வயதிலிருந்து பார்த்த சுவர்களுக்குள் இவ்வளவு கோணலான செங்கற்கள் இருந்தன என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அப்பா எங்கெங்கோ கிடைத்த கற்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். யூனிட்டில் வேலை முடிந்து வந்து நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் எதுவும் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மூலையில் வலை அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பெண்ணாடம் ரோட்டில் தான் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தைப் பற்றிக் கொத்தனார் பேசினார். மூன்று மாடி, கீழே முழுக்க வண்டி நிறுத்த விட்டிருக்கிறார்கள் என்றார். மாடிகளில் எல்லாம் சுவர், கீழே வெறும் தூண்களா என்று அண்ணன் மகள் கேட்டாள். ஆமாம் என்றார். அவள் மூன்று செங்கலை எடுத்து அடுக்கினாள். ஒரு பலகையில் ஈரக் கலவையைக் கொட்டி, அதில் நான்கு குச்சிகளை நட்டு அவற்றின் மேல் அந்த அடுக்கை வைத்தாள். ஆடும்போது மேலே இருப்பது ஒன்றாகச் சேர்ந்து கட்டியாக இருக்கும், ஆட்டம் முழுவதும் கீழே இருக்கும் குச்சிகளுக்குத்தான் போகும் என்று சொல்லிப் பலகையை லேசாகத் தட்டினாள். குச்சிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. செங்கற்கள் அடுக்குக் கலையாமல் கீழே உட்கார்ந்தன.

நான் எழுந்து போய் அதைப் பார்த்தேன். கொத்தனார் டீ குடிக்கப் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாங்க இருந்த வூடும் இப்பிடித்தான் இருந்துச்சு" என்றேன். "கீழ கடைங்க. தூணு மட்டும்."

அவள் முகம் மாறியது. தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது போல. "அத்தே" என்றாள். செங்கற்களை எடுக்கக் குனிந்தாள். எடுக்க வேண்டாம் என்றேன்.

"அதையும் இப்பிடிப் பலப்படுத்தியிருந்தா நின்னிருக்குமா?"

அவள் கையில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் தட்டிவிட்டாள். பொய் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொன்னால் நம்பவும் தயாராக இருந்தேன்.

"நின்னிருக்கலாம் அத்தே. விரிசல் வுட்டு, ஒருபக்கம் சாஞ்சு, அப்பறம் ஆருக்கும் ஒதவாம போயிருக்கும். ஆனா உள்ள இருந்தவங்க எறங்கி வந்திருப்பாங்க. அதுக்குத்தான் இந்த வேலையே. வூட்டக் காப்பாத்தறதுக்கு இல்ல."

நான் சரி என்றேன். போய் அடுப்பைப் பற்றவைத்தேன். எனக்கு உள்ளே ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் சித்தம் என்றார்கள், விதி என்றார்கள். இவள் குச்சியை வைத்துக் காட்டிவிட்டாள். கீழே சில சுவர்கள் வேண்டியிருந்தன. அதுதான் காரணம். கோபம் வர வேண்டும் என்று நினைத்தேன். வந்தால் யார் மேல் வருவது என்றும் யோசித்துப் பார்த்தேன். கட்டடத்துக்காரர் முகம்கூட ஞாபகமில்லை. பருப்பு வெந்துவிட்டதா என்று பார்த்தேன். வெந்திருந்தது. எல்லோருக்கும் பரிமாறினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குத்தான் அன்று நன்றாகப் பசித்தது.

பூச்சு முடிந்ததும் சுவர்களுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றாள். காயவிட்டால் சிமெண்டு பலம் பிடிக்காது, எந்நேரமும் ஈரமாகவே இருக்க வேண்டும். அவள் லீவு முடிந்து கிளம்பும்போது அந்த வேலையை என்னிடம் விட்டாள். அண்ணனிடம் விட்டிருக்கலாம், அவர் சும்மாதான் இருந்தார். என்னிடம்தான் விட்டாள். யூனிட்டுக்குப் போவதற்கு முன்னால் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவேன், பிறகு உள்ளே ஒவ்வோர் அறையாக. மத்தியானம் அண்ணி விடுவார். சாயங்காலம் மறுபடி நான். சுவரில் சாக்குகளைத் தொங்கவிட்டு அவற்றையும் நனைப்போம். மூலைகளில் கொஞ்ச நேரம் அதிகமாக நிற்பேன். ஈர சிமெண்டு வாசனை வீடு முழுக்க இருந்தது. அந்த நாட்களில் எத்தனை கூட்ஸ் வண்டிகள் போயிருக்கும் என்று தெரியாது. தண்ணீர்ச் சத்தத்தில் நான் கவனிக்கவில்லை.

வெள்ளையடித்த பிறகு வீடு முன்பு போலவே இருந்தது. கதவுகளுக்கு மேலே மட்டும் சுவர் லேசாகத் தடித்துத் தெரியும், தெரிந்தவர்களுக்கு. மாடி கட்டவில்லையா, இவ்வளவு செலவு எதற்கு என்று தெருவில் கேட்டவர்களிடம் அண்ணன் ரிப்பேர் வேலை என்று சொன்னார். வேறு விளக்கம் தரவில்லை. மூலை அறையை எனக்கென்று ஒழித்து, என் புடவைகளை வைக்க ஒரு மர அலமாரியைச் சுவரோடு திருகி வைத்தார்கள். நான் உள்ளே போய்ப் படுக்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. புடவைகளை மட்டும் அங்கே வைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மணிமுத்தாற்றில் தண்ணீர் போக ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடித்த காற்றில் கொட்டகையின் ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு முருங்கையில் போய் மாட்டிக்கொண்டது. பாயும் தலையணையும் நனைந்துவிட்டன. நான் உள்ளே போய்த் துணி மாற்றிக்கொண்டு மூலை அறைக் கட்டிலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடி இருந்தவள் எப்போது சாய்ந்தேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது அண்ணி வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு யாரோ போர்த்திவிட்டிருந்தார்கள். அறைக்கதவு திறந்து, அது தானாகச் சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு செங்கல் வைக்கப்பட்டிருந்தது.

அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து டீ போட்டேன். அண்ணன் டீயை வாங்கிக்கொண்டு தகரத்தை நாளைக்குச் சரிபண்ணிவிடலாம் என்றார். அவசரமில்லை என்றேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அதற்குப் பிறகு பெரும்பாலும் உள்ளேதான் படுக்கிறேன். சில நாள் முடிவதில்லை. அப்போது வாசலில் பாயைப் போட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வருடம் அண்ணன் மகள் வந்திருந்தபோது, சேத்தியாத்தோப்புப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே மாடியில் விரிசல் விட்டிருந்தது. அளவெடுக்க ஓர் ஆள் வேண்டும், வர்றீங்களா அத்தே என்று கேட்டாள். யூனிட்டில் லீவு சொல்லிவிட்டு பஸ்ஸில் போனேன். அவள் டேப்பின் ஒரு முனையைக் கொடுப்பாள், நான் பிடித்துக்கொள்வேன். அவள் எழுதிக்கொள்வாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாடி. கீழே பிள்ளைகள் உட்கார்ந்து மத்தியானம் சாப்பிடுவதற்காகச் சுவரில்லாமல் திறந்து விட்டிருந்தார்கள். தூண்களைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மேலே வகுப்புகள் நடந்தன. விரிசல் பெரிய விஷயமில்லை, கீழேதான் வேலை இருக்கிறது, சில தூண்களுக்கு நடுவில் கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும், தூண்களையும் கம்பி கட்டித் தடிப்பாக்க வேண்டும் என்று அவள் தலைமையாசிரியரான சிஸ்டரிடம் சொன்னாள். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பிள்ளைகளுக்கு வேறு நிழல் இல்லை, நம்ம பக்கம் பூகம்பம் வந்ததாகக் கேள்விப்பட்டதும் இல்லை, விரிசலை மட்டும் அடைத்துக் கொடுங்கள் என்றார். அவள் விதிமுறைகளைச் சொன்னாள். சிஸ்டர் மணியைப் பார்த்தார்.

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் குடியிருந்த வூடு இப்பிடித்தான் இருந்துச்சு சிஸ்டர்" என்றேன். "எம் பொண்ணும் அவரும் மேல தூங்கிட்டிருந்தாங்க. நான் பால் வாங்கப் போயிருந்தேன்."

வெளி ஆளிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருந்தது. சிஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு, எந்தெந்தத் தூண்கள் என்று அவளிடம் கேட்டார். அவள் காட்டினாள்.

பெரிய லீவில் வேலை தொடங்கினார்கள். கான்கிரீட் போட்டு முடிந்ததும் அங்கேயும் தண்ணீர் விட வேண்டியிருந்தது. வாட்ச்மேன் விடுகிறார், ஆனால் மூலைகளை விட்டுவிடுகிறார் என்று சிஸ்டர் போனில் சொன்னதாக அண்ணன் மகள் என்னிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறினேன்.